பஸ் நிற்காத நிறுத்தத்தில் ஒரு படப்பிடிப்பு

போன மாதம் திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில், மாணவர்கள் எடுத்த குறும்படங்களைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒலிப்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். ஒரு படத்தில், ஊருக்கு வெளியே குப்பைமேட்டை ஒட்டி வாழும் பிள்ளைகளின் கதை. நன்றாகவே எடுத்திருந்தார்கள். ஆனால் சாலையோரம் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்க, பின்னால் ஒரு லாரி போகிறது. லாரிக்குச் சத்தமே இல்லை. ஒலியைக் கவனித்துக்கொண்ட பெண்ணிடம் கேட்டேன். "இரைச்சலை எல்லாம் ஒரே கிளிக்ல எடுத்துட்டோம் சார்" என்றாள் பெருமையாக.

"லாரிய என்னம்மா பண்ணுனீங்க, தள்ளிக்கிட்டுப் போனாங்களா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். ஆனால் கெட்டிக்காரி, விடவில்லை. "நீங்களும் இதே மாதிரிப் பிள்ளைங்கள வச்சுத் தஞ்சாவூர்ல ஒரு படம் எடுத்தீங்களாமே. எப்படி சார் எடுத்தீங்க?" என்று கேட்டாள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு அரசாங்கத்தின் செய்திப்படப் பிரிவில் சேர்ந்தவன். படித்தது என்ன, செய்தது என்ன என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை. அணை திறப்பார்கள், அமைச்சர் மாலை வாங்குவார், உரம் போட்டால் நெல் இப்படி விளையும் என்று ஒருவர் விளக்குவார். எல்லாவற்றுக்கும் பின்னால் நாதசுரம் வாசித்துவிட்டு, மேலே ஒரு கம்பீரமான குரலைப் போட்டுவிட்டால் படம் முடிந்தது. இதற்கு என்னைப் போன்ற ஒருவன் எதற்கு என்று நானே நினைத்ததுண்டு. இயக்குநர் வேதநாயகம் சாரின் கீழ் என்னைப் போட்ட பிறகுதான் என் காதுக்கு வேலை வந்தது.

வேதநாயகம் சார் ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை. மூக்குக்கண்ணாடி கீழே விழாமல் இருக்க இரண்டு பக்கமும் நூல் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். கத்த மாட்டார். சினிமாக்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவதை எல்லாம் பார்த்திருந்த எனக்கு முதலில் இவர் இயக்குநர்தானா என்று சந்தேகம். எல்லாம் தயாரானதும், "எடுக்கலாமுங்களா?" என்று கேட்பார். யாராவது "இல்லைங்க" என்று சொன்னால் நிஜமாகவே காத்திருப்பார்.

எழுபதுகளின் முற்பகுதி அது. கீழத்தஞ்சையில் கூலித் தகராறுகள் ஓய்ந்தும் ஓயாமலும் இருந்த காலம். நெல் கூலியைக் கூட்டிக் கேட்டுச் சிவப்புக் கொடி பிடித்த குடும்பங்களை, மிராசுதார்கள் குடியிருந்த மனைக்கட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்படி நாலைந்து ஊர்களிலிருந்து கிளம்பி வந்தவர்கள், தஞ்சாவூருக்கு வெளியே புதாறு என்னும் ஆற்றின் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தார்கள். அதற்குக் கரைத்தெரு என்று பெயர். பெரியவர்கள் அரிசி ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். பிள்ளைகள் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். ஊரில் இருந்தபோது கிராமத்தான். இங்கே வந்த பிறகு நகரத்தானும் இல்லை, கிராமத்தானும் இல்லை. டவுனில் எங்கே சைக்கிள் காணாமல் போனாலும் போலீஸ்காரர் முதலில் வந்து நிற்பது கரைத்தெருவில்தான்.

அந்தப் பிள்ளைகளையே நடிக்கவைத்து ஒரு சிறிய கதைப்படம் எடுக்க வேதநாயகம் சார் அனுமதி வாங்கியிருந்தார். எப்படி வாங்கினார் என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கதை எளிமையானது. கரைத்தெரு வாசலில் கம்பம் நட்டு, பஸ் நிறுத்தம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் டவுன் பஸ் நிற்பதில்லை. பிள்ளைகள் மனு கொடுக்கிறார்கள், அலைகிறார்கள். கடைசியில் பஸ் நிற்கிறது. பிள்ளைகள் சிரித்தபடி ஏறுகிறார்கள். சுபம்.

முதல் நாள் தெருவுக்குள் போய், எதிரே நின்ற ஒரு பையனைப் பார்த்து, "வாங்க, இப்படி உக்காருங்க" என்றார் வேதநாயகம் சார். அவன் திரும்பித் தன் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். பின்னால் ஒரு ஆடுதான் நின்றது. அந்தப் பையன் கலியபெருமாள். எல்லாரும் கலியன் என்பார்கள். பதினாறு வயது, வாய் மூடவே மூடாது. பெரிய நடிகனாகிவிடும் உத்தேசத்தில் அன்றே தலையை வேறு மாதிரி வாரத் தொடங்கிவிட்டான். கதையின் மையப் பாத்திரத்துக்கு மல்லிகாவைத் தேர்ந்தெடுத்தார். அவளும் அதே வயதுதான். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். கரைத்தெருவில் அதுவரை அந்த வகுப்பை எட்டிய ஆள் கிடையாது. அவளுக்குப் படத்தைவிடப் பள்ளிக்கூடம்தான் பெரிய கவலை. பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து போனால் முதல் பாடம் போய்விடும். இப்படியே தாமதமாக வந்தால் பரீட்சைக்கு அனுப்ப மாட்டேன் என்று தலைமையாசிரியை எச்சரித்திருந்தார். "படத்த சீக்கிரம் முடிச்சிடுவீங்கள்ல சார்? லீவு போட்டா அந்தம்மா சும்மா விடாது" என்றாள். பள்ளி விடுமுறை நாட்களில் மட்டுமே அவள் வரும் காட்சிகளை எடுப்பது என்று அன்றே முடிவு செய்தார் சார்.

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசுவதை யாரும் அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு சென்னையில் குரல் கொடுப்பவர்களை வைத்துப் பேசவைத்து ஒட்டுவார்கள். வேதநாயகம் சார் ஒப்பவில்லை. "மெட்ராஸ்ல பேச வச்சா மல்லிகா வாயத் திறந்ததும் மயிலாப்பூர் பாஷையில பேசும்ங்க. இங்கயே எடுத்துடுவோம்" என்றார். சொல்லிவிட்டார், பாடு என்னுடையது. கேமரா ஓடினால் அரிசி ஆலைபோல இரையும். அந்தச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க, கேமராவையும் கேமராமேனையும் சேர்த்துக் கம்பளியால் மூடினோம். ஆடி மாத வெயிலில் அந்த மனிதர் உள்ளே வெந்துபோனார். பிள்ளைகள் அவருக்குக் கரடி சார் என்று பெயர் வைத்தார்கள். நான் மைக் சார்.

கேமராவை அடக்கினால் பம்ப்செட். பம்ப்செட்டுக்காரரைக் கெஞ்சி நிறுத்தினால் ஒலிபெருக்கி. ஆட்சி மாறியதிலிருந்து தஞ்சாவூர் ஜில்லாவில் மேடை போடாத தெருமுனை இல்லை. ஆளுங்கட்சிக்காரர் அடுக்குமொழியில் முழங்கி முடித்தால், எதிர்க்கட்சிக்காரர் அதைவிட நீளமாக அடுக்குவார். இவர்களுக்கு நடுவில் கலியன் காதல் வசனம் பேசுவதுபோலக் கண்ணை உருட்டி மனுவை வாசிப்பான். என் தலைவிதியை நொந்துகொண்டு மறுபடி மறுபடி எடுப்பேன்.

ஒவ்வோர் இடத்திலும் பேச்சை எடுத்து முடித்த பிறகு, யாரும் பேசாமல் அசையாமல் இருக்க, அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்வோம். வெட்டி ஒட்டும்போது நடுவில் ஓட்டை விழாமல் இருக்க அது தேவை. மற்ற இயக்குநர்களுக்கு அது சிகரெட் பிடிக்கிற நேரம். வேதநாயகம் சார் அந்த நேரம் முழுவதும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நிற்பார். பிள்ளைகள் முதலில் கெக்கலித்தார்கள். பிறகு அவரைப்போலவே நிற்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் மல்லிகா, "சார், தண்ணி ஓடுற சத்தம் இங்க இருக்குன்னே தெரியாது சார்" என்றாள். வீட்டு வாசலில் ஓடும் ஆறு அது. எனக்கு வேதநாயகம் சார்மேல் அன்று வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இனி அந்தக் கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அந்தத் தடத்தில் ஓடுகிற டவுன் பஸ்ஸையே ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்குப் பிடித்தோம். அதை வழக்கமாக ஓட்டும் டிரைவர் ரத்தினமே வந்திருந்தார். முறுக்கு மீசை, காக்கிச் சட்டை. சினிமாவில் வரப்போகிறோம் என்று மீசைக்கு எண்ணெய் போட்டிருந்தார். "வளைவுலேர்ந்து வாங்க, பலகைக்கு நேரா நிறுத்துங்க, பிள்ளைங்க ஏறுவாங்க. அவ்வளவுதாங்க" என்று சார் அவருக்கு விளக்கினார். பிள்ளைகளைப் பலகைக்குக் கீழே நிறுத்தினோம். எடுக்கலாமுங்களா என்று கேட்டார். எடுக்கலாம் என்றோம். ஹாரன் அடித்தபடி பஸ் வளைவில் தலை காட்டியது.

அவ்வளவுதான். பிள்ளைகள் மொத்தமாக ஓட்டம் பிடித்தார்கள். பஸ்ஸை நோக்கி அல்ல, எதிர்ப்பக்கம். பஸ் பலகைக்கு நேராக வந்து அழகாக நின்றபோது அங்கே ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. தூரத்தில் மதகுப் பாலத்தின் மேல் எல்லாரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

கரடி சார் கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்து திட்டினார். மறுபடி எடுத்தோம். மறுபடி ஓடினார்கள். கலியன் பலகைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஹாரன் கேட்டதும் கம்பத்தை விட்டுவிட்டு அவனும் ஓடினான். மூன்றாம் முறையும் அதே கதைதான். யூனிட் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. வேதநாயகம் சார் மட்டும் சிரிக்கவில்லை. பாலம்வரை நடந்துபோய், "ஏங்க, ஏன் இங்க ஓடியாறீங்க?" என்று கேட்டார்.

"இங்கதான சார் ஏற முடியும்" என்றான் கலியன். "பாலத்துல ஏத்தம் இருக்குல்ல, வேகத்தக் கொறச்சே ஆவணும். அந்த நேரம் தொத்திக்கணும். பொம்பளப் புள்ளைங்கள நாங்க தூக்கி விடுவோம்."

"இன்னைக்குப் பலகையில நிக்கும்னு சொன்னேனே?"

"தெரியும் சார். ஆனா ஹாரன் கேட்டா காலு தானா ஓடுது சார்."

இதற்குள் ரத்தினமும் இறங்கி வந்துவிட்டார். "நிறுத்துறேன் நிறுத்துறேன்னு சொல்லியும் நம்ப மாட்டேங்குதுங்க பாருங்க சார்" என்றார்.

மல்லிகா தாவணியைச் சரிசெய்துகொண்டே, "ஒரு நாளாவது நிப்பாட்டியிருந்தா நம்பியிருப்போம்ணே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். ரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அந்தப் பாலத்திலேயே உட்கார்ந்து பேசினோம். கலியனுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும். "ஒரு தடவ சார், காலக் கட்டிப்போட்டாவது நிக்கிறோம். நெசத்துலதான் நிக்கல, படத்துலயாவது நின்னுட்டுப் போவட்டுமே" என்றான். பிள்ளைகளில் பாதிப் பேர் அவன் பக்கம். எனக்கும் அவன் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. படம் என்றால் அதுதானே?

"வேணாம் சார்" என்றாள் மல்லிகா. "படத்துல நின்னுடுச்சுன்னா அவ்ளோதான். நாளைக்கு மனு எடுத்துக்கிட்டுப் போனா, அதான் படத்துலயே நிக்குதே, இன்னும் என்ன உனக்குன்னு கேப்பாங்க. அது கவர்மெண்டு எடுத்த படம் சார். அப்பறம் எப்பவுமே நிக்காது. நான் பரீட்ச எழுத முடியாது."

வேதநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த கதை அது. மாற்றினால் அவர் வேலைக்கே கேள்வி வரலாம். "அப்ப ஓடுங்க. எப்பவும் ஓடுற மாதிரியே ஓடுங்க. அதத்தான் எடுக்கப்போறோம்" என்றார். இத்தனை வருஷ வேலையில் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னது சரி என்று பட்டவுடன், தன் கதையைத் தானே தூக்கிப்போட்ட மனிதர் இவர் ஒருவர்தான்.

பஸ் நிற்காமல் போவதும், பிள்ளைகள் பாலத்தில் தொற்றி ஏறுவதும், மல்லிகா மட்டும் ஏற முடியாமல் நின்றுவிடுவதும் படமாகின. ஆனால் எனக்குத் திருப்தியில்லை. பஸ் என்ஜின் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. ஓடுகிறவர்களின் சத்தம் தனியாக வேண்டும் என்றேன். கேமரா இல்லாமல், பஸ் இல்லாமல், பிள்ளைகள் மறுபடி ஓடத் தயாரானார்கள். அவர்களுக்கு முன்னால் மைக்கோடு நான் போக வேண்டும், ஆனால் என் காலடி கேட்கக் கூடாது. ஒரு சைக்கிள் கிடைத்தது. சும்மா நின்றது ரத்தினம்தான். அவர் மிதிக்க, கேரியரில் பின்பக்கம் பார்த்து நான் உட்கார்ந்து, மடியில் ஒலிப்பதிவுக் கருவியும் கையில் மைக்குமாகப் போனேன்.

முடித்ததும் ரத்தினம், "என்னதான் சார் அதுல கேக்கும்?" என்றார். நாடாவைச் சுழற்றி, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். தேய்ந்த செருப்புகள் தார்ச்சாலையில் அறைகிற சத்தம். அலுமினியத் தூக்குக்குள் ஸ்பூன் கிடந்து ஆடுகிற சத்தம். அவ்வளவு பேர் மூச்சு. அதற்கு நடுவில் மல்லிகா, யாரும் சொல்லித்தராமல், வழக்கமாகக் கூப்பிடுவதுபோல, "அண்ணே... நிப்பாட்டுங்கண்ணே... அண்ணே..." என்று கூப்பிட்டுக்கொண்டே வருகிறாள்.

ரத்தினம் முழுவதும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்ஜினு பக்கத்துல உக்காந்திருக்கோமா, இது எதுவும் கேக்காது சார்" என்றார். கொஞ்சம் கழித்து, தாழ்ந்த குரலில், "நிறுத்தினா உள்ள இருக்கறவங்க முணுமுணுப்பாங்க சார். இவங்கள்லாம் ஏறுனா எழுந்திரிச்சுத் தள்ளி நிப்பாங்க. நமக்கு எதுக்கு வம்புன்னு வந்துடுவேன்" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

படம் முடிந்து சென்னையில் மேலதிகாரிக்குப் போட்டுக் காட்டினோம். பிள்ளைகளின் பேச்சு சுத்தமாக இல்லை, நல்ல குரல்களைப் போடுங்கள் என்றார். பஸ் நிற்பதுபோல முடிவை மாற்றுங்கள் என்றார். வேதநாயகம் சார் எதிர்த்துப் பேசவில்லை. "ஒரே ஒரு தடவைங்க, படம் இல்லாமக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். திரையை வெறுமையாக வைத்து அந்த ஓட்டத்தை மட்டும் ஓடவிட்டேன். அதிகாரி கேட்டு முடித்துக் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். கடைசியில், "சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா இது தியேட்டருக்குப் போகாது. ஊர் ஊரா வேன்ல கொண்டுபோய்த் திரை கட்டிக் காட்டிக்கோங்க" என்றார். நான் ஏதோ சொல்ல எழுந்தேன். வேதநாயகம் சார், "அது போதுமுங்க" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த மனிதர் அப்படி எல்லாம் செய்கிறவர் இல்லை.

பொங்கல் கழிந்து கரைத்தெருவில் திரை கட்டினோம். தெருவே கூடியிருந்தது. தன் முகம் வந்தபோதெல்லாம் கலியன் எழுந்து நின்று மறைத்தான், உட்காரவைக்கப் பெரும் பாடாகிவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் ரத்தினம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். நான் கூப்பிடவில்லை. யார் சொல்லி வந்தார் என்றும் தெரியவில்லை. படம், பஸ் போன பிறகு காலியான சாலையில் மல்லிகா நிற்பதோடு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. பெண்கள் மல்லிகாவைச் சுற்றிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது ரத்தினத்தைக் காணோம்.

மறுநாள் காலை திரைக்கம்பங்களை அவிழ்க்கப் போயிருந்தேன். வேதநாயகம் சாரும் கூட வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் பலகையடியில் நின்றார்கள். வளைவில் ஹாரன் கேட்டது. கால்கள் தானாக ஓடின. அத்தனை பேரும் மதகுப் பாலத்துக்குப் போய்விட்டார்கள்.

பஸ் பலகைக்கு நேராக வந்து நின்றது.

ஏற ஆளில்லை. உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் என்னவோ சத்தம் போட்டார். பாலத்தில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், ஆனால் அசையவில்லை. பஸ் ரிப்பேர் என்று நினைத்திருப்பார்கள். ரத்தினம் என்ஜினை அணைத்தார். சன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, "வாங்க! இங்கதான் நிக்கும், வாங்க!" என்று கூப்பிட்டார்.

முதலில் கலியன் ஓடி வந்தான். அவன் பின்னால் மற்றவர்கள். தூக்குகள் ஆடின, செருப்புகள் அறைந்தன. என்ஜின் அணைந்திருந்ததால் ஒவ்வொரு காலடியும் தனித்தனியாகக் கேட்டது. கருவி வேனுக்குள் பெட்டியில் கிடந்தது. எடுக்க ஓடலாமா என்று திரும்பினேன். பக்கத்தில் வேதநாயகம் சார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றுவிட்டேன்.

மல்லிகா மட்டும் ஓடவில்லை. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு, பாலத்திலிருந்து நடந்தே வந்தாள். பஸ் அவளுக்காக நின்றுகொண்டிருந்தது.